இசைக் கல்லூரி உள்ள ஊர்களின் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் திருவையாற்றிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் சிதம்பரத்திலும், அரசாங்க இசைப்பள்ளி நடைபெற்று வரும் மாவட்டத் தலைநகரங்களிலும் வசிக்கும் ரசிகப் பெருமக்களே,

கார்த்திகை பிறந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் மார்கழிக் கச்சேரிகளின் ஜாபிதா பத்திரிகைகளில் வெளிவரும். எந்தச் சபையில் எந்த வித்வான் என்றைக்குப் பாடுகிறார், எந்தச் சபையின் சிற்றுண்டிச்சாலையை இவ்வாண்டு எந்தச் சமையற்காரர் ஏற்றிருக்கிறார் என்ற இரண்டு விஷயங்களையும் ஏறக்குறைய சமமான சிரத்தையுடன் நாம் ஆராய்வோம். அந்த ஆரவாரம் அடங்கியதும் புஷ்ய பகுள பஞ்சமி வரும். தியாகையரின் ஆராதனைக்காகத் திருவையாற்றுக் காவிரிக் கரையில் பந்தல் எழும். இவ்விரு பெருவிழாக்களுக்கு முன்னும் பின்னும் இடையிலுமாக, உங்கள் ஊர் இசைக் கல்லூரியின் கூடத்தில், பத்திரிகை எதிலும் அச்சேறாமல், வாயிலிலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒற்றைத் தாளையே விளம்பரமாகக் கொண்டு, சில மாலை வேளைகளில் மாணாக்கர் கச்சேரிகள் நடைபெறும். அக்கச்சேரிகளின் பொருட்டே இம்மடலை எழுதத் துணிந்தேன். எழுதும்படி கல்லூரியைச் சேர்ந்த எவரும் என்னைக் கேட்கவில்லை. நான் ஆசிரியனுமல்லேன், அதிகாரியுமல்லேன், நாலு பேர் நடுவே ஒரு கீதத்தைத் தவறின்றிப் பாடத் தெரிந்தவனுமல்லேன். இளமை தொட்டுக் கச்சேரி கேட்டு வருபவன் என்பது ஒன்றே என் யோக்கியதை.

சங்கீதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் நம் நாட்டில் மிகப் பழமையானதன்று. 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்து, பெயரளவில் எஞ்சியிருந்த அரசுரிமையும் ஒழிந்துபோக, அரண்மனையை அண்டி வாழ்ந்த வித்வான்கள் ஆதரவு தேடி மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும் ஜமீன்களுக்கும் சென்னைப் பட்டணத்துக்குமாகச் சிதறிய பிறகு, குருகுலம் என்ற ஏற்பாடு சிறிது சிறிதாகத் தளரலாயிற்று. குருவுக்கே நிலையான ஊரும் நிலையான வருவாயும் இல்லாதபோது, சிஷ்யனை வருஷக்கணக்காக வீட்டில் வைத்துச் சோறிட்டுச் சொல்லிக் கொடுப்பது எங்ஙனம் இயலும்? 1927இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபையை ஒட்டிக் கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டின் பயனாக மறு ஆண்டிலேயே சங்கீத வித்வத் சபை தோன்றியதும், 1929இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியாரின் கொடையால் இசைக் கல்லூரி ஏற்பட்டதும், 1931இல் வித்வத் சபையே சங்கீத ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியொன்றை நிறுவி டைகர் வரதாச்சாரியாரை அதற்குத் தலைவராக அமர்த்தியதும், 1939இல் திருவனந்தபுரத்தில் இன்று ஸ்வாதித் திருநாள் பெயரால் வழங்கும் கல்லூரி ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை முதல்வராகக் கொண்டு பிறந்ததும், சுதந்திரம் வந்தபின் 1949இல் சென்னை அரசாங்கம் கர்நாடக சங்கீதத்துக்கென்றே ஒரு மத்தியக் கல்லூரியைத் திறந்து முசிறி சுப்பிரமணிய ஐயரை அதன் முதல்வராக்கியதும், அந்தக் குறையை நிரப்ப ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த பிரயத்தனங்களே. இந்தக் கடைசிக் கல்லூரிதான் பின்னர் அடையாற்றங்கரையில், கும்பினி உத்தியோகஸ்தர் பிராடி கட்டிய பழைய மாளிகைக்குக் குடிபெயர்ந்து இன்றளவும் அங்கே இருந்து வருகிறது.

மேற்சொன்ன வித்வான்கள் எல்லாரும் குருகுலவாசத்தில் ஊறியவர்களாதலால், தாங்கள் தொடங்கி வைக்கும் புதிய ஏற்பாட்டில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை நன்கு அறிந்தே இருந்திருப்பார்கள். குருகுலத்தில் சிஷ்யன் கற்றவற்றுள் பெரும்பகுதி குரு வாய் திறந்து சொன்னதன்று. குருவின் முதுகுப் புறத்தில் தம்பூராவை மீட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் தான் பிடித்துக்கொண்டு, அவருக்கு முன்னே விரிந்து கிடக்கும் சபையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகும். எந்தப் பிடியில் சபை நிமிர்ந்து உட்கார்கிறது, எந்தச் சங்கதியை மறுமுறை பாடினால் அலுக்கிறது, நாலாவது பாட்டுக்குப் பிறகு விளம்பத்தில் ஒன்று எடுப்பதா மத்தியமத்தில் எடுப்பதா என்பனவெல்லாம் எந்த லட்சண கிரந்தத்திலும் எழுதப்படாதவை. கல்லூரி வந்தபோது வர்ணமும் கிருதியும் ராக லட்சணமும் சங்கீத சரித்திரமும் பாடத்திட்டத்துள் அடங்கின, சபை அடங்கவில்லை. அது அரசாங்கம் நியமித்துச் சம்பளம் கொடுத்து வைக்கக்கூடிய உத்தியோகமன்று. ஊரார் தாமாகவே வந்து உட்கார்ந்தாலொழிய உண்டாகாத ஒரு பொருள் அது. கலாக்ஷேத்திரத்தில் டைகரிடம் பயில வந்த எம். டி. ராமநாதன், பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்ற பாலக்காட்டு இளைஞர். அவருக்கு வகுப்பும் வாய்த்தது, ஆசிரியரின் கச்சேரிகளில் பின்னால் அமர்ந்து உடன் பாடும் பாக்கியமும் வாய்த்தது. இரண்டும் ஒருங்கே வாய்ப்பவர் இன்று எத்தனை பேர்?

ஆசிரியர் முன் பாடுவதற்கும் அயலார் முன் பாடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கவாத்தியம் பயிலும் மாணாக்கரிடத்தே மிகத் தெளிவாகக் காணலாம். முத்துசுவாமி தீட்சிதரின் இளவலான பாலுஸ்வாமி தீட்சிதர் மேனாட்டாரின் வயலினை நம் சங்கீதத்துக்குப் பழக்கிய காலம் முதல், அவ்வாத்தியத்தை ஏற்பவருக்கு இரட்டைக் கடமை உண்டு: தனக்குத் தெரிந்ததை வாசிக்க வேண்டும், பிறர் அப்போதுதான் கற்பித்துப் பாடுவதையும் வாசிக்க வேண்டும். முதற்கடமையை வகுப்பில் கற்றுவிடலாம். இரண்டாவதற்கு வகுப்பில் வழியேயில்லை. தன்னினும் ஒரு வகுப்பு மூத்த பாடகன் காம்போதியில் அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பதை அறியாதவளாய், அவன் விட்ட ஸ்வரத்தைத் தொட்டு எடுத்து, அவன் விரித்ததைச் சுருக்கி, ஆயினும் அவனை மிஞ்சாமல் பதில் சொல்ல வேண்டிய வயலின் மாணவியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மிருதங்கம் வாசிக்கும் பையனோ, நிரவலில் பாடகன் அரை இடம் தள்ளி எடுக்க வேண்டிய எடுப்பைக் கால் இடம் முன்னதாகவே பிடித்துவிட்டால், அதைக் காட்டிக்கொடாமல் தாங்கிக் கொண்டுபோய்ச் சமத்தில் சேர்க்கவும் வேண்டும்; சபையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் நாலு கிழவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதையும் சகித்துக்கொள்ள வேண்டும். நாலு கிழவர்கள் இல்லாத கூடத்தில் இந்தச் சிட்சை எப்படி நடக்கும்?

இசைப்பள்ளிகளில் பன்னிரண்டு வயது முதலே சேரலாமாதலின், மகரக்கட்டு உடையும் பருவத்துப் பையன் ஒருவன், நேற்று வரை ஐந்து கட்டையில் நிமிர்ந்து நின்ற தன் குரல் இன்று எங்கே நிற்கும் என்று அறியாமல் திகைத்து, மேல் ஷட்ஜத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்குவதையும் நீங்கள் அங்கே கேட்க நேரலாம். கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையை, அதாவது வர்ணத்தில் தொடங்கிச் சிறு உருப்படிகள் வழியே விஸ்தாரமான ராகத்துக்கு ஏறி, தனி ஆவர்த்தனம் கடந்து, துக்கடாக்களில் இறங்கி, மங்களத்தில் முடியும் அந்த ஏற்பாட்டை, பெரிய வித்வான்களிடத்தில் நாம் கவனிப்பதேயில்லை. அவர்களுடைய வித்தை அதை மறைத்துவிடுகிறது. மாணாக்கன் பாடும்போதுதான், ஒன்றரை மணி நேரத்துக்குள் அவ்வளவையும் அடக்க அவன் படும் பாட்டில், ஒவ்வொன்றும் ஏன் அந்தந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பது கேட்பவனுக்கு விளங்குகிறது. என்னைப் பொறுத்தவரை, கச்சேரி கேட்கக் கற்றுக்கொள்வதற்கு மாணாக்கர் கச்சேரியைவிட நல்ல இடம் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஊரின் பெயர் வேண்டாம். ஓர் இசைப்பள்ளியின் ஆண்டு விழா. கூடம் நிறைந்திருந்தது, ஏனெனில் பிரமுகர்கள் வருவதாக இருந்தது. மிருதங்கத்தின் இடப்புறத் தொப்பியில் ரவையை நீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள் என்பதும், அது ஈரமாக உள்ள வரையில்தான் கும்கி கனிந்து பேசும் என்பதும் உங்களில் பலர் அறிந்ததே. மேடையின் ஓரத்தில் பையன் ஒருவன் ரவையை அப்பிச் சுருதி சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். முதற் பிரமுகர் எழுந்து இசையின் மகிமையை எடுத்துரைத்தார், ரவை காய்ந்தது. பையன் அதைச் சுரண்டிவிட்டு மீண்டும் பிசைந்து அப்பினான். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, நினைவுப் பரிசுகள் வழங்கப்பட்டன, இரண்டாவது பிரமுகர் எழுந்து, இசைக்கு மயங்காத உயிரினமே இல்லை என்பதைப் பசு, பாம்பு முதலிய பல உதாரணங்களால் நிறுவினார், ரவை மறுபடியும் காய்ந்தது. கடைசியில் பையன்களுக்கும் பெண்களுக்கும் கிடைத்தது ஒரு வர்ணத்துக்கும் இரண்டு கீர்த்தனைகளுக்கும் உரிய அவகாசமே. அதற்குள் பிரமுகர்களும், அவர்களைத் தொடர்ந்து கூடத்தில் பாதிப் பேரும் எழுந்து போய்விட்டார்கள். ஆதலால் உங்களை ஆண்டு விழாவுக்கு நான் அழைக்கவில்லை. அறிவிப்புப் பலகைத் தாளில் மட்டும் இடம்பெறுகிற, பிரசங்கம் எதுவுமில்லாத அந்தச் சாதாரண மாலைகளுக்கே அழைக்கிறேன்.

இனி, நம் பள்ளிகளைப் பற்றிச் சில செய்திகள். தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் 17 உள்ளன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழும் அவற்றில் பாடங்கள். படிப்பு மூன்று ஆண்டு. இவற்றுள் நம் கவனத்துக்குப் பெரிதும் தப்பிவிடுகிறவை நாதசுரமும் தவிலும் தேவாரமும். இசை வேளாளர் குடும்பங்களில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று கைமாறி வந்த நாதசுரத்தை இன்று எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் விண்ணப்பம் எழுதிப் போட்டுச் சேர்ந்து பயிலலாம் என்பது சாமானியமான மாறுதலன்று. ஆனால் அது அறைக்குள் அடங்குகிற வாத்தியமா? நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் அந்த நீண்ட உலவும், நுனியில் அகன்ற அணசும், நான்கு மாட வீதியையும் நிரப்புவதற்கென்றே அமைந்தவை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை இரவெல்லாம் வாசித்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோமே, அது திறந்த வெளியில் சுவாமி புறப்பாட்டின்போது வளர்ந்த வித்தையல்லவா? சுவருக்குள் சீவாளியைக் கடித்துக்கொண்டு ஸ்வரம் பயிலும் பிள்ளைக்கு ஒரு சாயரட்சையாவது, ஒரு பிரதோஷமாவது வாசிக்க இடம் வேண்டும். கோயில் தர்மகர்த்தாக்களே, இது உங்களுக்கு. மின்சாரத்தால் தானே அடித்துக்கொள்ளும் மணியும் முரசும் கூடிய பெட்டியொன்றை வாங்கி மண்டபத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்குத் தாளமும் தெரியாது, நேரமும் தெரியாது, தீபாராதனை முடிந்ததும் தெரியாது. வாரத்தில் ஒரு நாளேனும் அதன் விசையை அணைத்துவிட்டு இசைப்பள்ளிக்குச் சொல்லியனுப்புங்கள். கல்யாணம் செய்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: முகூர்த்தத்துக்குப் பெயர் பெற்றவர்களையே வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு இப்பிள்ளைகளை அழைத்தால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

தேவார வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தக்கேசிப் பண் இன்றைய காம்போதியாகவும், கௌசிகம் பைரவியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் ஓதுவார் மரபில் வழங்கி வருவதைப் புத்தகத்தில் படித்தவர் பலர்; தாளக்கட்டின்றிச் சுத்தாங்கமாக அப்பண்களைப் பாடும் குரலை அண்மையிலிருந்து கேட்டவர் மிகச் சிலர். அக்குரல்களைக் கேட்க நூறு மைல் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் இசைப்பள்ளியின் படியேறினால் போதும். மூன்றாண்டு முடித்தபின் இவர்களிற் சிலர் கோயில்களில் ஓதுவாராகவும், சிலர் பள்ளிகளில் இசை ஆசிரியராகவும் அமர்கிறார்கள். சிலர் வானொலி நிலையத்தின் குரல் தேர்வுக்குச் சென்று ‘பி’ தரத்தில் நுழைந்து மேலே ஏற முயல்கிறார்கள். வேறு பலர் எங்கே போகிறார்கள் என்று ஊரார் விசாரிப்பதுமில்லை.

தை மாதம் திருவையாற்றுக்குப் போகிறவர்கள் அங்கே ஏராளமான இளம் முகங்களைக் காண்பீர்கள். 1847 ஜனவரி 6ஆம் தேதி தியாகையர் சித்தியடைந்த அவ்வூரில், அவருடைய சமாதியின் மீது தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே, பெண் என்ற காரணத்தால் ஆராதனையில் பாட அக்காலத்தில் இடமில்லாதிருந்தது. அவர் வாதாடிப் பெற்ற உரிமையில்தான் இன்று கல்லூரி மாணவிகள் முதல் வரிசையில் அமர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களின் கீர்த்தனைகளையும் கூடிப் பாடுகிறார்கள். மார்கழி முழுவதும் கல்லூரிகளில் இதற்கான பாடம் நடக்கும். (வராளியைக் குரு நேரே சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் மனஸ்தாபம் வரும் என்பது பழைய நம்பிக்கை. பாடத்திட்டத்தில் உள்ளதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் வரும் மனஸ்தாபம் அதனினும் பெரிதென்று கல்லூரி ஆசிரியர்கள் கருதுகிறார்கள் போலும்.) கோஷ்டி கானம் கண்ணுக்கும் செவிக்கும் பெரிய விருந்துதான், எனினும் அத்தனை குரல்கள் சேரும் இடத்தில் எந்தப் பெண்ணின் குரல் எப்படி என்பது அவள் தாய்க்குக்கூடத் தெரியாது. ஆராதனைக்கு வந்து இவர்களை ஆசீர்வதிக்கிறவர்கள், ஊர் திரும்பியபின் அதே பெண் தன்னந்தனியே ஆரபியைப் பாடும் மாலைக்கும் வர வேண்டுமென்பதே என் கோரிக்கை.

வந்தபின் செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாததே அதிகம். கச்சேரி முடிந்ததும் மேடையருகே சென்று, செம்மங்குடி இந்த இடத்தில் எப்படிப் பாடினார் தெரியுமா என்று தொடங்குகிற பெரியவர்களை நான் அறிவேன். நானும் அவர்கள் வயதினன்தான். அதைச் சொல்லுவதற்கு ஆசிரியர் இருக்கிறார். மாணாக்கனுக்கு நீங்கள் தரக்கூடியது, அவன் பைரவியைக் கேட்டீர்கள் என்பதற்கு அடையாளமாக அதில் ஒரே ஓர் இடத்தைப் பெயர் சொல்லிக் கேட்பது: அந்த நிஷாதத்தில் நின்றாயே, அங்கே ஏன் நின்றாய் என்று. நன்றாயிருந்தது என்ற பொதுச் சொல்லை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் கீர்த்தனங்கள் வேண்டுமென விரும்புகிறவர்கள், பாடகர் பெயர் தெரிந்த அன்றே சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாடம் செய்துகொள்ள அவகாசம் இருக்கும்.

மற்றொன்று. பல வீடுகளின் பரணில் பாட்டியார் வாசித்த தஞ்சாவூர் வீணையொன்று துணி சுற்றிக் கிடக்கிறது. பலாமரக் குடமும் தண்டியும் நூறாண்டானாலும் கெடாது. மெழுகில் பதித்த இருபத்து நான்கு மெட்டுகள்தாம் வெயிலில் இளகி இடம் பெயர்ந்திருக்கும். மேளம் கட்டத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு மெழுகைப் புதுப்பித்து, தந்திகளை மாற்றினால் அது மறுபடியும் பாடும். அதை விற்கவும் மனமின்றி, வாசிக்கவும் ஆளின்றி வைத்திருப்பவர்கள், சொந்த வாத்தியமின்றிக் கல்லூரி நேரத்தில் மட்டுமே பயிலும் ஒரு மாணவிக்கு, படிப்பு முடியும் வரை இரவலாகவேனும் கொடுங்கள். தம்பூரா இருந்தால் இன்னும் விசேஷம். கையடக்கமான மின்சாரச் சுருதிப் பெட்டி வந்தபின் தம்பூராவுக்குச் சுருதி கூட்டவும், நூலை நகர்த்தி ஜீவாளி பிடிக்கவும் தெரிந்த பிள்ளைகள் அருகி வருகிறார்கள். அந்த நான்கு தந்தியைச் சேர்க்கும் கால் மணி நேரமே பாதிச் சங்கீதம் என்று பழைய வித்வான்கள் கருதினார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு குறிப்புடன் முடிக்கிறேன். தாளில் மாலை ஆறு மணி என்று எழுதியிருந்தால் ஆறு மணிக்கே தொடங்கிவிடும். மாணாக்கர்களுக்கு விடுதிக்குத் திரும்ப வேண்டிய கட்டுப்பாடு உண்டு. அனுமதிக்குக் கட்டணமில்லை, இடம் தாராளமாக இருக்கும். சிறு குழந்தைகளை அழைத்து வாருங்கள். அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போய், அடங்கியதும் திரும்ப வரலாம். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் ஒரு பாட்டு முடிந்து மற்றொன்று தொடங்குமுன் எழுந்து போவதில் யாருக்கும் வருத்தமில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து போகும் வழக்கத்தை மாத்திரம் பெரிய சபைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மோராவையும் கோர்வையையும் அந்தப் பையன் முதன்முதலாக அன்றைக்குத்தான் ஊரார் முன் வைத்து முடிக்கப் போகிறான்.

இங்ஙனம்,
உங்களோடு அமர்ந்து கேட்கும் ஒருவன்